தங்கையை அடிக்கும் மகன்: தண்டிக்காமல் எப்படி நிறுத்துவது?

வணக்கம். மகனுக்கு 4 வயது, மகளுக்கு 1. அடி, மிரட்டல் எதுவும் இல்லாமல்தான் வளர்க்கிறோம். கோபத்தை அடக்க உதவும் மூளைப் பகுதி 20 வயதைத் தாண்டியும் வளர்கிறது. இந்த வயதில் அவனால் தனியாகச் சமாளிக்க முடியாது என்பது புரிகிறது. கத்தி அழும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொள்வோம், அடங்கிவிடுவான்.

சிக்கல் தங்கையை அடிக்கும்போதுதான். கையைப் பிடித்து, “அடிக்க விடமாட்டேன்” என்று அமைதியாகச் சொன்னால், சிரித்துக்கொண்டே மறுபடி ஓங்குகிறான். அது திமிர் இல்லை, பதற்றம் என்றே நினைக்கிறேன். ஆனாலும் சின்னவளைக் காப்பாற்றியாக வேண்டுமே!

இரண்டு குழந்தைகள் உள்ளவர்கள் சொல்லுங்கள்: அந்த நிமிடம் யாரை முதலில் கவனிப்பீர்கள்? அவன் அடங்கிய பிறகு அதைப் பற்றிப் பேசுவீர்களா? அப்புறம், “ரெண்டு போட்டால் சரியாகும்” என்கிற பாட்டிக்கு மனம் நோகாமல் என்ன பதில் சொல்வது?