உடம்பு பெருத்திருந்தால் ஐ.சி.யூ.வில் இடமில்லையா?

இரவுவிளக்கு:
ஒன்பது வருடமாக ஜெனரல் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். போன வாரம் எங்கள் மருத்துவமனையிலேயே ஐ.சி.யூ. இடத்துக்கு நேர்காணல் நடந்தது. வென்டிலேட்டர் அலாரம், டோஸ் கணக்கு, சென்ட்ரல் லைன் பராமரிப்பு என்று இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். அதிலிருந்து ஒரு கேள்வி கூட வரவில்லை. உள்ளே போனதும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வெயிட் எவ்வளவு சிஸ்டர்?" என்றார் ஒருவர். சொன்னேன். "அங்கே ஓடியாடணுமே" என்றார் பக்கத்தில் இருந்தவர். அவ்வளவுதான், வெளியே வந்துவிட்டேன்.

இரண்டு வருட அனுபவமுள்ள ஒரு பெண்ணுக்கு இடம் போனது. நல்ல பெண், அவள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் நேர்காணலுக்கு நான்கு நாள் முன்னால் எங்கள் வார்டில் ஒருவருக்கு இதயம் நின்றபோது, டீம் வந்து சேரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது நான். அதைச் சொல்லக்கூட அங்கே வாய் வரவில்லை. இது நியாயமா என்று மட்டும் சொல்லுங்கள்.

நேர்கோடு:
தங்கச்சி, வருத்தம் புரிகிறது. கேட்ட விதம் தப்பு. ஆனால் கேள்வியே தப்பு என்று சொல்ல மாட்டேன். 22 வருட சர்வீஸ், அதில் பாதி இன்சார்ஜாக இருந்திருக்கிறேன். ஐ.சி.யூ.வில் இரண்டு கட்டிலுக்கு நடுவே மானிட்டர், மருந்து ஏற்றும் பம்ப், வென்டிலேட்டர் போக மிஞ்சுவது ஓர் ஆள் ஒதுங்கி நிற்கும் இடம். பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை. ஒருவர் மூச்சு வாங்கி உட்கார்ந்தால் அவர் நோயாளியையும் சேர்த்துப் பார்ப்பது பக்கத்துக் கட்டிலில் இருக்கும் நர்ஸ். அந்தப் பெண்ணுக்கு யார் நியாயம் கேட்பது? டூட்டி லிஸ்ட் போடுகிறவருக்குத்தான் இந்தத் தலைவலி தெரியும்.

அளவுகோல்:
அக்கா, மூச்சு வாங்குகிறதா என்று பார்ப்பது வேறு, கிலோ கேட்பது வேறு. நீங்கள் சொல்லும் எல்லாவற்றையும் நேரடியாகச் சோதிக்கலாமே! நிற்க முடிகிறதா, குனிய முடிகிறதா, இரண்டு நிமிடம் ஒழுங்காக அழுத்த முடிகிறதா. இதை விட்டுவிட்டு எடையை வைத்து ஊகிப்பது எதற்கு?

பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கொடுத்தவர் மருத்துவர் இல்லை. கெட்லே என்ற பெல்ஜியக்காரர், வானியலும் புள்ளியியலும் அவர் துறை. 1830-களில் 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று தேடியபோது வந்த கணக்கு. அதற்கு பி.எம்.ஐ. என்ற பெயர் வந்ததே 1972-ல்தான். கூட்டத்தை ஆராய உதவும். ஒரு தனி ஆளின் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அது பிரித்துக் காட்டாது. அதைக் கொண்டு ஒருத்தியின் கைப்பலத்தை எப்படி அளப்பீர்கள்?

நேர்கோடு:
தம்பி, புள்ளியியல் எனக்கும் ஓரளவு தெரியும். அதிக எடை முழங்காலைத் தேய்க்கும் என்பதையும் மறுப்பீர்களா? முதுகுவலி என்று லீவு போடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசுகிறேன்.

ஸ்லைடுஷீட்:
பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். நர்ஸ்களின் முதுகு போவதற்கு முதல் காரணம் அவர்கள் எடை இல்லை, நோயாளியைக் கையால் தூக்குவதுதான். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் நோயாளியைத் தூக்க வைத்திருக்கும் வரம்பு 35 பவுண்டு, ஏறக்குறைய 16 கிலோ. அதுவும் நோயாளி ஒத்துழைத்து, திமிறாமல் இருந்தால். மனிதனின் ஒரு கால் மட்டும் உடல் எடையில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு. 100 கிலோ ஆளின் ஒரு காலைத் தூக்கிக் கட்டுப் போட்டாலே வரம்பைத் தொட்டாயிற்று. நர்ஸ் 50 கிலோ இருந்தாலும் 90 கிலோ இருந்தாலும் அந்த வரம்பு ஒன்றுதான். நோயாளியைத் தூக்கும் மெஷினான ஹாய்ஸ்ட் வாங்கிப் போட மனசில்லாத நிர்வாகம் ஒல்லியான ஆளைத் தேடுகிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

நேர்கோடு:
ஹாய்ஸ்ட் விஷயத்தில் உங்கள் பக்கம். எழுதிக் கேட்டுக் கேட்டுக் கை ஓய்ந்துவிட்டது. வாங்கிய ஒன்றும் சார்ஜ் இல்லாமல் ஸ்டோரில் தூங்குகிறது.

ஆனால் இன்னொன்று இருக்கிறது, யாரும் தொட மாட்டேன் என்கிறீர்கள். சர்க்கரை நோயாளியிடம் "எடையைக் குறையுங்கள்" என்று சொல்ல வேண்டியது நம் வேலை. சொல்கிறவரைப் பார்த்து அவர் சிரித்தால்? முன்மாதிரி என்று ஒன்று வேண்டாமா?

காத்தாடி:
முன்மாதிரியா? எங்கள் மாடிப்படிக்குப் பின்னால் ஒளிந்து சிகரெட் பிடிக்கும் டாக்டர்கள் நுரையீரல் வார்டு ரவுண்ட்ஸுக்குப் போகிறார்கள். யாரும் நேர்காணலில் பாக்கெட்டைத் தடவிப் பார்க்கவில்லை. பருமன் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அடி அங்கே விழுகிறது.

அப்புறம், நான் 43 கிலோ. இந்தப் பக்கத்துக் கதையையும் கேளுங்கள். எமர்ஜென்சியில் சேர்ந்த புதிதில் என்னை ஸ்ட்ரெச்சர் தொட விடமாட்டார்கள். "காத்தடிச்சா பறந்துடுவ" என்று சிரிப்பு. ஆனால் இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் சி.பி.ஆர். வந்தால் நிஜமாகவே எனக்குச் சிரமம். பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழமாவது அழுத்த வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. எனக்கு ஒரு நிமிடம் தாண்டினாலே ஆழம் குறைந்துவிடுகிறது. ஸ்டூல் போட்டு ஏறி, கையை மடக்காமல் இடுப்பிலிருந்து உடம்பைச் சாய்க்கப் பழகியபிறகுதான் சரியானது. அதில் உதவுவது உடல் எடைதான்! இரவுவிளக்கு அக்கா அந்த வேலையை என்னைவிட நன்றாகச் செய்திருப்பார். என்னை எமர்ஜென்சியில் வைத்துக்கொண்டார்கள், அவரை வெளியே அனுப்பினார்கள்.

இரவுவிளக்கு:
காத்தாடி, படித்ததும் சிரித்துவிட்டேன், கொஞ்சம் அழுகையும் வந்தது.

நேர்கோடு அக்கா, முன்மாதிரி பற்றி ஒன்று சொல்கிறேன். வேலையில் சேர்ந்தபோது என் எடை 58. அப்புறம் மாதம் பத்துப் பன்னிரண்டு நைட். விடியற்காலை மூன்று மணிக்குப் பசிக்கிற பசி உங்களுக்கும் தெரியும். தூக்கம் குறைந்தால், வயிற்றுக்குப் 'போதும்' என்று சொல்லும் லெப்டின் ஹார்மோன் குறைந்து, பசியைத் தூண்டும் க்ரெலின் ஹார்மோன் ஏறும் என்று நானே மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். டூட்டி கொடுத்த எடையைக் காட்டி டூட்டி இல்லை என்கிறார்கள்.

நோயாளி சிரிப்பார் என்கிறீர்கள். எடை மெஷினில் ஏறச் சொன்னாலே கூசிப்போகிற அம்மாக்கள் என்னிடம் மட்டும் ஏறுகிறார்கள். "நீங்க திட்ட மாட்டீங்க" என்பார்கள்.

கோப்பு_எண்:
சட்டம் கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம் 1976-லேயே உயரம், எடை பார்த்து வேலை மறுப்பதைத் தடுத்துச் சட்டம் போட்டது. நியூயார்க் நகரம் 2023-ல். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014-ல் டென்மார்க் குழந்தைப் பராமரிப்பாளர் ஒருவரின் வழக்கில், பருமன் மட்டுமே பாதுகாப்புக்குக் காரணமாகாது, ஆனால் நீண்டகாலம் வேலைக்குத் தடையாக இருந்தால் அது ஊனம் என்ற பாதுகாப்புக்குள் வரலாம் என்றது. யோசித்தால் வேடிக்கைதான். வேலை செய்ய முடியாதவருக்குக் கதவு திறக்கிறது, நன்றாகச் செய்கிறவருக்கு இல்லை. எதிர்ப்பக்கம்: டெக்சாஸில் ஒரு மருத்துவமனை பி.எம்.ஐ. 35-க்கு மேல் இருப்பவர்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று விதியே வைத்திருந்தது. சுகாதாரப் பணியாளரின் தோற்றம் மக்கள் மனதில் உள்ள படத்துக்குப் பொருந்த வேண்டும் என்பது அதில் சொன்ன காரணம். 2012-ல் வெளியே தெரிந்து பெரிய பேச்சானது.

இரவுவிளக்கு, உங்கள் நாட்டில் என்ன சட்டம் இருந்தாலும் முதலில் மறுத்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்லத் துணிகிற பலர் கையெழுத்துப் போடத் துணிய மாட்டார்கள்.

நேர்கோடு:
மூன்று நாள் எதுவும் எழுதவில்லை, கோபத்தில் இல்லை, நைட் ஓடிக்கொண்டிருந்தது.

முன்மாதிரி விஷயத்தில் நான் மாறவில்லை. நாம் சொல்வதை நம் உடம்பும் சொன்னால் நல்லது என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் அதற்காக ஒருவரின் போஸ்டிங்கைப் பறிக்க முடியாது என்பதும் புரிகிறது.

எங்கள் யூனிட்டில் அடுத்த மாதம் ஆள் எடுக்கிறோம். சி.பி.ஆர். டம்மியில் இரண்டு நிமிடம், ஸ்லைடு ஷீட் (வழுக்கு விரிப்பு) வைத்து நோயாளியைப் புரட்டுவது, ஒரு பம்ப் கணக்கு. வருகிற எல்லோருக்கும், ஒல்லியானவர்களுக்கும் சேர்த்து. எடைக் கேள்வி கிடையாது. மேட்ரனிடம் பேசிவிட்டேன், முகத்தைச் சுளித்துக்கொண்டே சரி என்றார். தங்கச்சி, நீங்கள் எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்க மாட்டேன். ஆனால் ஐ.சி.யூ.வில் ராத்திரி அலாரம் அடித்தால் எதை முதலில் பார்ப்பீர்கள்?

இரவுவிளக்கு:
நோயாளியை அக்கா. அப்புறம்தான் மானிட்டர்.

காத்தாடி:
அந்த ஸ்டூலையும் டம்மி பக்கத்தில் போடச் சொல்லுங்கள். நானும் அப்ளை பண்ணலாம் என்று பார்க்கிறேன்.