வாள் அறையில் நின்றுவிட்ட அப்பா: டோக்கியோ உவேனோ மியூசிய அனுபவங்கள்

போன ஏப்ரலில் ஜப்பான் போனோம். நான், வீட்டுக்காரர், ஒன்பது வயதுப் பையன், அம்மா, அப்பா. ஒரு நாளை உவேனோவுக்கு என்றே ஒதுக்கினோம். ஒரே பூங்காவில் நாலைந்து மியூசியம் இருப்பதால், வயசானவர்களைக் கூட்டிக்கொண்டு ரயில் ரயிலாக மாற வேண்டாம் என்ற கணக்குதான்.

காலையில் தேசிய அறிவியல் அருங்காட்சியகம். 65 வயதுக்கு மேல் இலவசம், பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவசம். எங்கள் இருவருக்கு மட்டும் தலைக்கு 630 யென். பதுங்கி உட்கார்ந்த டைரனோசரஸ் எலும்புக்கூட்டை விட்டுப் பையன் நகரவே இல்லை. ஹச்சிகோவும் இங்கேதான் இருக்கிறது. எஜமானர் 1925இல் இறந்த பிறகு, 1935இல் தான் சாகும்வரை ஷிபுயா ஸ்டேஷனுக்கு வந்து காத்திருந்த அதே நாய்தான். பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். ஷிபுயா சிலையோடு படம் எடுக்க அவ்வளவு கூட்டம், இங்கே கண்ணாடிக்கு முன்னால் நாங்கள் மட்டும்.

மதியம் பூங்கா பெஞ்சில் புளியோதரை. கடையில் விற்கும் ஜப்பான் சோற்றில் புளிக்காய்ச்சலைக் கலந்தால் உதிராது. உருண்டை பிடித்துத்தான் சாப்பிட்டோம்.

அப்புறம் டோக்கியோ தேசிய அருங்காட்சியகம். இங்கே 70 ஆனால்தான் இலவசம். அப்பாவுக்கு 72, பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளே போய்விட்டார். 67 வயது அம்மாவுக்கு 1,000 யென். “காலையில கிழவி, மத்தியானம் குமரியா?” என்றார் அம்மா.

அப்பா சென்னை பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஹீட் ட்ரீட்மென்ட் (இரும்பைக் காய்ச்சிக் குளிர்வித்து உறுதியாக்கும் வேலை) பிரிவில் இருந்து ரிட்டையர் ஆனவர். புத்தர் சிலைகளை ஒரு கும்பிடு போட்டுத் தாண்டியவர், வாள் அறையில் நின்றுவிட்டார். பிடியைக் கழற்றி வெறும் அலகை மட்டும் வைத்திருக்கிறார்கள். பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியில்தான் கொல்லர் தன் பெயரை வெட்டுவாராம்.

பக்கத்தில் ஒரு ஜப்பானியப் பெரியவர் முழங்காலை மடக்கி, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவையும் அப்படிப் பார்க்கச் சொல்லிச் சைகை காட்டினார். மூட்டுவலியோடு அப்பாவும் குனிந்தார். “அம்மாடி, இங்க வந்து பாரு!”

விளக்கு வெளிச்சம் பட்டதும் விளிம்போரம் அலை அலையாக ஒரு வெண்கோடு தெரிந்தது. அப்பாவே விளக்கினார். அலகின் மேல் களிமண் பூசுவார்கள். விளிம்பில் மெல்லிசாக, முதுகில் தடிமனாக. காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கும்போது விளிம்பு சட்டென்று குளிர்ந்து கெட்டியாகும். முதுகு மெதுவாகக் குளிர்வதால் அடி தாங்கும். இரண்டுக்கும் நடுவில் விழும் எல்லைதான் அந்த அலை. “நாங்க மீட்டர் வச்சு சூடு பாத்தோம். இவங்க இரும்போட நிறத்தைப் பாத்தே செஞ்சிருக்காங்க.”

அப்புறம் இரண்டு பேரும் பெட்டி பெட்டியாக நகர்ந்தார்கள். ஒருவருக்குத் தமிழ், ஒருவருக்கு ஜப்பானியம். அப்பா கையாலேயே களிமண் பூசிக் காட்ட, அவர் “ஹாய், ஹாய்” (ஜப்பானியத்தில் ‘ஆமாம், ஆமாம்’) என்று தலையாட்டினார். ஹோர்யூஜி கோயில் பொருட்கள் இருக்கும் கட்டடத்துக்கு நேரமில்லாமல் போய்விட்டது. எனக்குத்தான் அதில் கொஞ்சம் வருத்தம்.

பதில்:
கொடுத்து வைத்தவர்கள்! நாங்கள் செப்டம்பரில் போனோம். திங்கட்கிழமை விடுமுறை என்று படித்துவிட்டு, புத்திசாலித்தனமாகச் செவ்வாய்க்கிழமை போய் நின்றால் இரண்டு மியூசியமும் பூட்டு. அந்தத் திங்கள் முதியோர் தின அரசு விடுமுறை. அப்படி வந்தால் திங்கள் திறந்து, செவ்வாய் மூடுவார்களாம். அமேயோகோ கடைத்தெருவில் செருப்பு வாங்கிக்கொண்டு திரும்பினோம். போகிறவர்கள் அந்த ஊர்க் காலண்டரையும் பார்த்துவிடுங்கள். அது சரி, அப்பா வாள் அறையில் எவ்வளவு நேரம் இருந்தார்?

பதில்:
ஒன்றே கால் மணி நேரம். அம்மா வெளியே சோபாவில் நன்றாகத் தூங்கிவிட்டார். எழுப்பியபோது கேட்ட முதல் கேள்வி: “ஆயிரம் யென்னு நம்ம ஊர்க் காசுக்கு எவ்வளவு?”