பூனையின் முகம்: உங்கள் அனுபவம் என்ன?

மீசைக்காரி:
பூனைக்கு ஏது முகபாவம், எந்நேரமும் உம்மென்றுதானே இருக்கும் என்பவர்கள் ஒரே வீட்டில் இரண்டு பூனைகளை வளர்த்துப் பார்க்க வேண்டும். எங்கள் பெரியவள் சோபாவில் படுத்திருப்பாள். சின்னவன் அந்தப் பக்கம் வருவான். அவள் எழுவதில்லை, சீறுவதில்லை. காது பக்கவாட்டில் சாயும், கண்பாவை கோடாகச் சுருங்கும். அவ்வளவுதான், ஏதோ ஞாபகம் வந்தவன் மாதிரி அவன் வேறு பக்கம் போய்விடுவான். 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், 53 பூனைகள் தங்களுக்குள் பழகுவதைப் படம்பிடித்து 276 முகபாவங்களை எண்ணியிருக்கிறார்கள். அந்த எண்ணிக்கையை வைத்து மட்டும் பூனையை மேதாவி என்று சொல்லமாட்டேன். அடுத்ததன் முகத்தைப் பார்த்தே சண்டைக்கு முன்னால் விலகுகிறதே, அங்கேதான் எனக்கு மூளை தெரிகிறது. உங்கள் வீட்டுக் கதையையும் சொல்லுங்கள்.

சாம்பல்வால்:
கழற்றிப் போட்ட சாக்ஸை முகர்ந்துவிட்டு, மேலுதட்டைச் சுருக்கி வாயைப் பாதி திறந்தபடி அப்படியே நிற்பான் எங்கள் ஆள். "ஐயே, நாத்தம்" என்று சொல்வதாக வீட்டில் எல்லோருக்கும் சிரிப்பு. உண்மையில் அந்த வாசனையை மேல்வாயில் மோப்பம் பிடிப்பதற்கென்றே இருக்கும் ஜேக்கப்சன் உறுப்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறான். பூனை கேலி செய்கிறது, பழிவாங்குகிறது என்று நாம் சொல்வதில் பாதி இந்த ரகம்தான்.

ஜன்னலோரம்:
மீசைக்காரி அக்கா, பூனை பூனையைப் படிப்பது இருக்கட்டும், நாம் படிப்பது ரொம்பச் சுமார். 2019-இல் ஒரு கனடிய ஆய்வில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பூனை முக வீடியோக்களைக் காட்டிக் கேட்டதில், சராசரியாக அறுபது சதவீதம்கூடச் சரியாக வரவில்லை.

எங்கள் கிழவி சில நாள் ஜன்னலருகே சுருண்டே கிடந்தாள். வயசாகிவிட்டது, தூங்குகிறாள் என்றார்கள். எனக்கு அது தூக்கமாகப் படவில்லை. கண் முழுசாக மூடவில்லை, பாதியில் இடுக்கியபடி இருந்தது. காது நுனிகள் விலகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தன. வழக்கமாகத் தளர்ந்து வளைந்திருக்கும் மீசை விறைத்து நின்றது. தலை தோளுக்குக் கீழே. போட்டோ எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடினேன். கடைவாய்ப் பல் ஒன்று வேரோடு கெட்டிருந்தது. மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய வலி அளவுகோல் ஒன்று இருப்பதாக அவர்தான் சொன்னார்: காது, கண், மூக்கு-வாய்ப் பகுதி, மீசை, தலை ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். கூட்டினால் பத்துக்கு நான்கோ அதற்கு மேலோ வந்தால் வலிமருந்து பற்றி யோசிக்க வேண்டும். பல்லைப் பிடுங்கிய பிறகு அதே முகம் வேறு முகமாகிவிட்டது.

அரைக்கண்:
மெல்லக் கண்சிமிட்டினால் எங்கள் பையனும் திருப்பிச் சிமிட்டுவான். 2020-இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, முன்பின் தெரியாத ஆள் அப்படிச் சிமிட்டியதும் பூனைகள் அவர் கையருகே வர அதிகம் விரும்பியிருக்கின்றன. இதைப் பாசம் என்கிறார்கள். எனக்கு "உன்னால் ஆபத்தில்லை" என்ற அளவில் போதும்.

மீசைக்காரி:
ஜன்னலோரம், அந்த போட்டோ யோசனை நல்லது. நலமாக இருக்கும்போதே முகத்தை நேராக ஒன்று எடுத்து வைத்துக்கொண்டால் ஒப்பிடவும் வசதி. ஃபிளாஷ் மட்டும் வேண்டாம், கண்ணை இடுக்கிவிடும்.