மண்டூர் வீட்டுப் பிள்ளைகள் (குடும்பக் குழு அரட்டை, 2025 மே 5, இரவு)

சின்னம்மா: அம்மா இப்பவே சேலையை மடித்துத் தலைமாட்டில் வைத்துவிட்டா. நாளைக்கு உள்ளூராட்சித் தேர்தலில் மண்டூரில் வாக்குப் போட்டே தீருவாவாம். யார் கூட்டிப் போவது?

அக்கா: முழங்கால்?

சின்னம்மா: வீக்கம்தான். கேட்கிறாவா?

தம்பி: குருமண்வெளித் துறையில் வாவியைக் கடக்கும் பாதைப் படகில் ஏறினால் கிட்டத்தானே

அக்கா: பாதையில் ஏற்றி இறக்க ஏலாது தம்பி

பெரிய மாமா: பிள்ளைகள், பாதை வேண்டாம், துறையில் இருந்து பள்ளிக்கூடம் வரை வெயிலில் அம்மாவால் நடக்க முடியாது. பட்டிருப்புப் பாலத்தால் சுற்றி ஆட்டோவில் வாருங்கள், வாசலிலேயே இறக்கலாம். வாக்கெடுப்பு காலை 7 மணி முதல் மாலை 4 மணி வரை, வெயில் ஏறமுதல் வந்துவிடுங்கள். வாக்காளர் அட்டை இல்லாவிட்டாலும் போடலாம், ஆனால் அடையாள அட்டை கட்டாயம். விருப்பு வாக்கு கிடையாது, ஒரே ஒரு புள்ளடி. 2018 பெப்ரவரி 10க்குப் பிறகு இப்போதுதான் இந்தத் தேர்தல். 2023 மார்ச் 9 என்று சொல்லிவிட்டுக் காசில்லை என்று நிறுத்தினார்கள். உள்ளூர்ச் சபை இல்லாமல், தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது? இருட்டில் யானை படலைக்கு வந்து நின்றாலும் தெரியாது. அதனால்தான் சொல்கிறேன், ஒருவரும் வீட்டில் இருக்கக் கூடாது.

சின்னம்மா: அடையாள அட்டை கிடைக்கவில்லை அண்ணா. அலுமாரி முழுக்கத் தேடிவிட்டேன்

பெரிய மாமா: முதியோர் அடையாள அட்டை செல்லும். அது அம்மாவின் சுருக்குப் பையில் இருக்கும்

சின்னம்மா: இருக்கு இருக்கு

தம்பி: நான் கொழும்பு பஸ்ஸில் ஏறிவிட்டேன். சீட் இல்லை, நின்றுதான் வருகிறேன். விடியக் களுவாஞ்சிக்குடியில் இறங்கி நேரே அங்கே வருவேன்

அக்கா: நாள் சம்பளம் போகுமே மனே

தம்பி: போகட்டும் அக்கா

பெரிய மாமா: ஆட்டோவில் இடம் இருந்தால் பின்வளவு ஆச்சியையும் ஏற்றுங்கள். அவவுக்கும் இங்கேதான் வாக்கு, கூட்டிவர ஒருவரும் இல்லை

அக்கா: சின்னம்மா நீங்களும் வாங்கோ

சின்னம்மா: வளவுத் தகராறு முடியும்வரை அண்ணா வீட்டுப் படலையைத் தாண்ட மாட்டேன் என்று சொன்னேன்தானே

பெரிய மாமா: பள்ளிக்கூடத்துக்கு வா தங்கச்சி. வீட்டுக்கு வருவது உன் விருப்பம். சோறு இருக்கும்

அக்கா: தயிர் ஒரு முட்டி வாங்கி வையுங்கள் மாமா

தம்பி: எனக்கும்

சின்னம்மா: அம்மாவைத் தனியே விட ஏலாது. பள்ளிக்கூடம் வரை வருகிறேன், மறுகா பார்ப்போம்

அக்கா: ஆட்டோவுக்கு யார் சொன்னது?

பெரிய மாமா: தம்பி சொல்லியிருப்பான்

தம்பி: நானா? நான் பஸ்ஸில் மாமா