'டவுன்டைம்': ஓய்வுக்காலமா, தேறுநாளா, பத்தியமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

முகத்தோலிலுள்ள கரும்புள்ளிகளைப் போக்கச் செய்யப்படும் ஐ.பி.எல். (செறிவான ஒளித்துடிப்பு) சிகிச்சை குறித்த நோயாளர் கையேட்டுக்காக, சிகிச்சைக்குப் பின் முகம் தேறுவதற்கு ஆகும் நாள்களைக் குறிக்கும் 'டவுன்டைம்' என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். ஓய்வுக்காலம், முடக்கநேரம், ஆறுகாலம், தேறுநாள் என நான்கு சொற்கள் வந்துள்ளன. எழுதிய அனைவருக்கும் நன்றி. முடக்கநேரம் கணினி வழங்கிகளுக்குப் பொருந்தும், முகத்துக்குப் பொருந்தாது. புண் ஆறும் காலம் என்ற பொருளில் ஆறுகாலம் அழகாகவே அமைகிறது என்றாலும், ஆறுகால பூசையைக் கேட்டுப் பழகிய காதில் அது எண்ணாகத்தான் விழும். எஞ்சிய இரண்டில் ஒன்றைத் தேர்வதற்கு முன், சிகிச்சைக்குப் பின் தோலில் நடப்பது என்ன என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

லேசரைப் போல ஐ.பி.எல். ஒற்றை அலைநீள ஒளியன்று. ஏறத்தாழ 500 முதல் 1200 நானோமீட்டர் வரையிலான பல அலைநீளங்கள், சில மில்லிநொடிகளே நீடிக்கும் துடிப்புகளாகத் தோலில் பாய்கின்றன. கரும்புள்ளியிலுள்ள மெலனின் என்ற நிறமி அந்த ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது. சுற்றியுள்ள தோல் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. குறிப்பிட்ட நிறமியை மட்டும் ஒளியால் சுடலாம் என்ற இந்தக் கொள்கையைத் தோல் மருத்துவ ஆய்வாளர்களான ஆண்டர்சனும் பாரிஷும் 1983இல் வெளியிட்டனர். ஆனால் நம்மவர் பலருக்கு இருக்கும் மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் தோல் முழுவதுமே மெலனின் மிகுந்திருப்பதால், புள்ளிக்குப் போக வேண்டிய சூட்டில் ஒரு பங்கைத் தோலும் வாங்கிக்கொள்கிறது. தோல் கன்றிவிட்டால், கன்றிய இடம் பின்னர் கறுத்துப்போகும். முகம் முழுவதற்கும் ஒளி பாய்ச்சுவதற்கு முன் சிறிதளவு இடத்தில் சோதித்துப் பார்ப்பது இதனால்தான்.

சிகிச்சை முடிந்ததும் முகம் சிவந்து சற்றே வீங்கும். சிவப்பு பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். புள்ளிகள் முதலில் முன்னைவிடக் கறுத்து, காப்பித்தூளை ஒட்டவைத்தாற்போலச் சொரசொரப்பாகி, ஒரு வாரம் பத்து நாளில் தாமாகவே உதிரும். அவற்றை நகத்தால் சுரண்டிவிடக் கூடாது. பொருக்கு உதிர்ந்தபின் முகம் தெளிந்துவிட்டதாகத் தோன்றும். வெயிலைத் தவிர்க்க வேண்டிய காலமோ அதோடு முடிவதில்லை. மேலும் சில வாரங்களுக்கு நீள்கிறது. 'டவுன்டைம்' என்ற ஆங்கிலச் சொல் முகம் பார்வைக்குச் சரியாக இல்லாத நாள்களை மட்டுமே எண்ணுகிறது. அதை ஒற்றைச் சொல்லால் பெயர்த்தால் அதன் குறையும் சேர்ந்தே தமிழுக்கு வந்துவிடும்.

இதை நான் நேரில் உணர்ந்தேன். என் முதல் வரைவில் "ஓய்வுக்காலம்: ஏழு நாள்" என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த உறவுக்கார அக்கா ஒருவர், அலுவலகத்துக்கு ஏழு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, அந்த விடுப்பிலேயே மொட்டைமாடியில் வற்றல் காயவைத்துக் காக்கை ஓட்டிக்கொண்டிருந்தார். "ஓய்வாகத்தானே இருக்கிறேன்" என்றார். வேலைக்குப் போயிருந்தாலும் அவருக்குத் தீங்கில்லை. மாடியில் அடித்த வெயில்தான் தீங்கு. தவறு அவருடையதன்று, நான் எழுதிய சொல்லுடையது.

ஆகவே பொருளை இரண்டாகப் பிரிக்கலாம் என்பது என் கருத்து. சிவப்பும் பொருக்கும் இருக்கும் நாள்களைத் தேறுநாள் என்போம்; ஒரு திருமணத்துக்கு எத்தனை நாள் முன்னதாகச் செய்துகொள்ளலாம் என்று கேட்பவருக்கு அதுவே விடை. செய்யக் கூடியதும் கூடாததும் அடங்கிய நெடிய காலத்துக்கு, நம் வீடுகளில் ஏற்கெனவே புழங்கும் பத்தியம் என்ற சொல்லே போதும். மருந்துண்டு முடித்தபின் காப்பதற்குச் சித்த மருத்துவத்தில் மறுபத்தியம் என்ற பெயரே உண்டு. பத்தியம் வடசொல் என்று சிலர் மறுக்கக்கூடும். பாட்டி வாயில் வழங்கும் சொல்லை அக்காரணத்தால் தள்ளிவைக்க எனக்கு மனமில்லை. பத்தியம் உணவுக்கு மட்டும் உரியது என்பது வலுவான மறுப்பு. ஆனால் மருந்துண்ணும் காலத்தில் உடலுறவு முதலியவற்றை விலக்குவதற்கு இச்சாபத்தியம் என்ற சொல் இருப்பதே அது உணவோடு நின்றுவிடவில்லை என்பதைக் காட்டுகிறது. ஐயம் எழாதிருக்க, வெயில் பத்தியம் என்றே அடைகொடுத்து எழுதி, உணவில் கட்டுப்பாடு இல்லை என்று ஒரு வரி சேர்த்துவிடலாம்.

இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. சிகிச்சைக்குச் சில வாரங்கள் முன்பே வெயிலைத் தவிர்ப்பதும், பரு முதலியவற்றுக்குப் பூசும் ரெட்டினாய்டு களிம்பை மருத்துவர் குறிக்கும் நாளில் நிறுத்துவதும் முன்பத்தியம் என்ற ஒரே தலைப்பில் அடங்கிவிடும்.

அதே பகுதியில் வரும் 'போட்டோசென்சிட்டிவிட்டி' (தோல் வெயிலைத் தாங்காத நிலை) என்பதற்கு ஒளி ஒவ்வாமை என்று எழுத வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். பருவுக்காக டாக்சிசைக்ளின் உண்பவர் "எனக்கு ஒவ்வாமை எதுவும் இல்லை" என்று நேர்மையாகவே படிவத்தில் குறித்துவிட்டுப் போவார். அந்த மாத்திரை தோலை வெயிலுக்குத் தாங்காததாக்குகிறது என்ற செய்தி மருத்துவருக்குப் போய்ச் சேராது. கண்கூச்சத்தோடு குழம்பும் என்பதால் ஒளிக்கூச்சமும் வேண்டாம். ஒளித்தாங்காமை என்பதை முன்வைக்கிறேன்.

மறுபத்தியமா, பின்பத்தியமா என்பதில் மட்டும் உங்கள் முடிவு தேவை. கையேட்டில் வரி இவ்வாறு அமையும்: "தேறுநாள் ஏழு முதல் பத்து. பொருக்கு உதிர்ந்த பின்னும் நான்கு வாரம் வெயில் மறுபத்தியம் காக்கவும். வெளியே செல்லும்போதெல்லாம் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் பூசி, குடை பிடித்துச் செல்லவும்."