பிரியஸுக்கு 195ஆ 205ஆ? பின் சீற்றில் ஃபான் சத்தமும்

கேள்வி:
வணக்கம். யாழ்ப்பாணத்தில் 2012 பிரியஸ் ஹைபிரிட் கார் (பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டாரும் உள்ளது) ஓடுகிறேன், மாதம் இரண்டு தடவை ஏ9 வழியாகக் கொழும்பு. நான்கு ரயரும் தேய்ந்துவிட்டன, அளவு 195/65 ஆர்15. கடைக்காரர் 205 போட்டால் றோட்டை நன்றாகப் பிடிக்கும் என்கிறார். போடலாமா? அப்புறம், வெயில் நேரத்தில் பின் சீற் பக்கம் ஒரு ஃபான் உரக்க இரைகிறது.

பதில்:
தம்பி, 205 வேண்டாம். அகலம் கூடினால் பெரும்பாலும் இழுவையும் கூடும், ஹைபிரிட் வாங்கியதே பெற்றோல் மிச்சம் பிடிக்கத்தானே. அதே 195இல் உருளல் தடை குறைந்த ரயர் கேளுங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், 2324 என்றால் 2024ஆம் ஆண்டு 23ஆவது கிழமை செய்தது, பழைய ஸ்டொக்கைத் தலையில் கட்ட விடாதீர்கள். காற்று, ட்ரைவர் கதவுப் பக்க ஸ்டிக்கரில் உள்ளபடி.

பதில்:
அந்த ஃபான்தான் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் பெரிய பற்றரியைக் குளிர்விப்பது, காருக்குள் இருக்கிற காற்றையே இழுக்கும். சீற்றுக்குப் பக்கத்திலுள்ள காற்றுத் துவாரத்தை மறைத்துப் பை வைக்காதீர்கள். ஃபானைக் கழற்றித் துப்புரவாக்க ஹைபிரிட் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள், உயர் மின்னழுத்தம் ஓடும் செம்மஞ்சள் வயர்களில் நீங்கள் கை வைக்கவே கூடாது. எஞ்சின் ஒயில் 0டபிள்யூ-20 தரம். பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேர்ட்டருக்குத் தனிக் கூலன்ற் (குளிர்விக்கும் திரவம்) தாங்கி உண்டு, அதையும் பாருங்கள். பிரேக் பாட் தேயாது என்று விட்டுவிடாதீர்கள், நம் உப்புக் காற்றுக்குக் பாட்டை அழுத்தும் கலிப்பரின் ஊசி (பின்) இறுகும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி அண்ணை. இன்று கழற்றினோம், ஃபான் இதழ்களில் பஞ்சு மாதிரித் தூசி, நடுவே நாய் மயிர். இப்போது சத்தமே இல்லை. ரயர் 195தான்.