லாரி வருதுன்னு கடல் பக்கம் ஒதுங்கினவன்

தஞ்சோங் பூங்கா தம்பி
2004 டிசம்பர் 26. சுனாமிக் கதை உங்களுக்கே தெரியும், நேரா விஷயத்துக்கு வர்றேன். திருச்சியிலேர்ந்து வந்திருந்த அத்தை மகனோட பினாங்குத் தீவுல பத்து ஃபெரிங்கி கடற்கரையில நிக்கிறேன். மதியம் ஒரு மணி தாண்டி இருக்கும், திடீர்னு தண்ணி உள்வாங்கிருச்சு. மணல்ல மீன் துள்ளுது. இவன் ஹெல்மெட்டைக் கவுத்துப் பிடிச்சுப் பொறுக்கறான், ஓசி மீனாம். ரோட்டோரம் இளநி வித்த பக்சிக் (மலாய்ல பெரியவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) "லாரி! லாரி!"ன்னு கத்தறார். மலாய்ல அது 'ஓடு'. இவனுக்கு லாரி! ரோட்டைத் திரும்பிப் பார்த்துட்டு, "லாரி வருதாம் மச்சான்"னு கடல் பக்கமா ஒதுங்கி நின்னான் பாருங்க. காலரைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஓடினேன். செருப்பு போச்சு, மோட்டார் பைக் போச்சு. ஹெல்மெட்டை மட்டும் அவன் விடல.

பதினாலாம் மாடி
திடீர்னு என்ன திடீர்னு, தம்பி? சுமத்ராவுல நிலம் குலுங்கினது நம்ம மலேசிய நேரம் காலை 8.58. எங்க ஃப்ளாட்டுல தொங்கற விளக்கு ஆடுச்சு, அம்மா சாமி வந்திருச்சுன்னு சூடம் காட்டினாங்க. முழுசா நாலு மணி நேரம் இருந்துச்சு. இந்தியப் பெருங்கடலுக்குன்னு அப்ப எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது, அதான் சொல்ல ஆளில்ல. பினாங்குல மட்டும் 52 உயிர். இதுல சிரிப்பு வேறயா?

பிறை பொண்ணு
சிரிக்காம எங்க வீட்ல 1988 ஜூலை 31-ஐப் பேசவே முடியாதுங்க. தீவுக்குப் படகு ஏறுற பட்டர்வொர்த் ஃபெர்ரி ஜெட்டி இடிஞ்சு 32 பேர் செத்துட்டாங்க. புக்கிட் மெர்தாஜாம் மாதா கோயில் திருவிழாவும் தீவுல சீனர்களோட குவான் இன் சாமி விழாவும் ஒண்ணா வந்து, ஒரே கூட்டம். நாங்களும் தீவுக்குக் கிளம்பினோம். அம்மா பூ கட்டி முடிக்கல, அப்பா வாசல்ல நின்னு கத்தறார். போய்ச் சேர்ந்தா மேல் தளம் சரிஞ்சு கிடக்கு. அன்னையிலேர்ந்து அம்மா எங்க கிளம்பினாலும் லேட்டுதான். அப்பா வாயே திறக்கறதில்ல.

செந்தூல் அங்கிள்
எனக்குப் பெருசா அனுபவம் இல்ல. கோலாலம்பூர் வெள்ளத்துல ஒரு தடவை செருப்பு போச்சு, அவ்வளவுதான். ஆனா எல்லாரும் கேட்டுக்கங்க. கடலோரத்துல நிலம் ரொம்ப நேரம் ஆடினா சைரனுக்குக் காத்திருக்காதீங்க. தண்ணி உள்வாங்கினா போட்டோ எடுக்காதீங்க, மீன் பொறுக்கவே பொறுக்காதீங்க. காரை எடுக்கப் போனா ஜாம்ல மாட்டுவீங்க, காலால ஓடுங்க. மேட்டுப் பக்கம் போங்க. முடியலன்னா உறுதியான கட்டடத்துல மேல் மாடிக்கு. முதல் அலை போச்சுன்னு சாமான் எடுக்க இறங்கக் கூடாது, பின்னால வர்றது இன்னும் பெருசா இருக்கலாம். மணிக்கணக்கா வரும். வீட்ல பிள்ளைங்களுக்கும் சொல்லி வைங்க. ஒரு டார்ச் லைட், ஐ.சி. (அடையாள அட்டை) காப்பி…

தஞ்சோங் பூங்கா தம்பி
அங்கிள், போதும் லா. பதினாலாம் மாடி அண்ணே, நீங்க சொல்றது சரிதான். ஹெல்மெட்ல எட்டு மடவை இருந்துச்சு. அம்மா பொரிச்சு வச்சாங்க, யாரும் தொடல.

என்னை உறுத்தறது அந்தப் பக்சிக். திரும்பிப் போனப்ப வண்டி கவுந்து கிடந்தது, அவரைக் காணோம். அடுத்த வாரம் ரெண்டு தடவை போய்ப் பார்த்தேன். அவர் ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வருவாராம், பேர்கூட யாருக்கும் தெரியல.

அத்தை மகன் இப்பவும் போன் போட்டா முதல்ல கேக்கறது அதைத்தான்: "லாரிக்காரர் கிடைச்சாரா மச்சான்?"